பார்க்க ஒரே மாதிரி... ஆனா ஒண்ணு நண்பன், ஒண்ணு எதிரி! பூச்சிகளைப் பிரித்துக் காட்டிய சார்லஸ் ரைலியின் கதை

தக்காளி, வெண்டை, ரோஜா... எந்தச் செடியா இருந்தாலும் சரி, கோடைக்காலத்தில் இலையைத் திருப்பிப் பாருங்க. குண்டூசி முனை அளவுக்குச் சிவப்பா ஏதோ ஊர்ந்து போகும். பெரும்பாலும் அது செஞ்சிலந்தி. இலையின் சாற்றை உறிஞ்சி, செடியையே வெளுக்க வைக்கும் சிலந்திப்பேன். ஆனா அதே இலையில், அதே அளவில், அதே சிவப்பு நிறத்தில் இன்னொரு சிலந்திப்பேனும் இருக்கலாம். அது இலையைத் தொடாது. செஞ்சிலந்தியைத்தான் பிடித்துத் தின்னும். அதற்குப் பெயர் இரைவிழுங்கிச் சிலந்திப்பேன்.

வெறும் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மருந்து அடித்தால் ரெண்டும் சாகும். நண்பன் செத்துப்போன தோட்டத்தில் எதிரி இன்னும் வேகமாகப் பெருகும்.

அதனாலதான் பூச்சி மேலாண்மையில் முதல் கேள்வி எந்த மருந்து என்பது இல்லை. இது எந்த இனம் என்பதுதான். இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்த ஒருத்தர் 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இருந்தார். பெயர் சார்லஸ் வாலன்டைன் ரைலி. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு, பூச்சியைத் தின்ன ஒரு சிலந்திப்பேனை முதன்முதலாக அனுப்பி வைத்தவர் அவர்தான். அந்தப் பேன் தோற்றது. ஆனா ரைலி தோற்கவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

யார் இந்த ரைலி?

ரைலி பிறந்தது 1843 செப்டம்பர் 18-ம் தேதி, லண்டனில். படித்தது பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் இருந்த விடுதிப் பள்ளிகளில். அதனால பிரெஞ்சும் ஜெர்மனும் சரளமாக வந்துவிட்டன. அதைவிட முக்கியம், கை நன்றாக வரைந்தது. பூச்சிகளைப் பார்த்துப் பார்த்து வரைவது சின்ன வயதிலேயே பழக்கம்.

17 வயதில் கப்பல் ஏறி அமெரிக்கா போனார். இல்லினாய் மாகாணத்தில் ஒரு பண்ணையில் வேலை. பயிரைப் பூச்சி தின்றால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதை அங்கே நேரில் பார்த்தார். பிறகு சிகாகோ போய், விவசாயிகளுக்கான ஒரு பத்திரிகையில் செய்தியாளராகவும் ஓவியராகவும் சேர்ந்தார். அதன் பூச்சிப் பகுதி அவர் கையில் வந்தது. நடுவில் 1864-ல் உள்நாட்டுப் போரில் சில மாதங்கள் ராணுவச் சேவையும் செய்தார்.

கல்லூரிப் பட்டம் இல்லை. ஆனாலும் 1868-ல் மிசௌரி மாகாணம் அவரைத் தன் முதல் அரசுப் பூச்சியியலாளராக நியமித்தது. அப்போது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை. அடுத்த ஒன்பது ஆண்டுகளில் ஒன்பது அறிக்கைகள் எழுதினார். படங்களையும் அவரே வரைந்தார். சார்லஸ் டார்வினே அந்த அறிக்கைகளை விரும்பிப் படித்தார் என்றால் அவற்றின் தரத்தைப் புரிஞ்சுக்கலாம்.

வரைவது ஏன் முக்கியம்? ஒரு பூச்சியைச் சும்மா பார்க்கும்போது மேலோட்டமான உருவம்தான் மனதில் பதியும். வரைய உட்கார்ந்தால் காலில் எத்தனை முள், இறக்கையில் எந்த இடத்தில் கோடு, வாயில் என்ன உறுப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆக வேண்டும். ஒரே மாதிரி இருக்கும் ரெண்டு பூச்சிகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயங்களில்தான் இருக்கும். ரைலியின் பலம் அங்கேதான் தொடங்கியது.

பிரான்ஸின் திராட்சையைக் கொன்றது எது?

1860-களில் தெற்கு பிரான்ஸில் திராட்சைத் தோட்டங்கள் காரணமே தெரியாமல் பட்டுப்போக ஆரம்பித்தன. இலை மஞ்சளாகும், காய் சுருங்கும், அடுத்த சில வருடங்களில் கொடியே செத்துவிடும். செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் ஒன்றும் இருக்காது, அழுகல் மட்டும்தான்.

1868 ஜூலையில் பிளான்ஷான் என்ற தாவரவியலாளரும் அவருடன் போன குழுவினரும் வேறு மாதிரி செய்தார்கள். செத்த கொடியை விட்டுவிட்டு, இன்னும் உயிரோடு இருக்கும் கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தார்கள். வேர் முழுக்க மஞ்சள் நிறத்தில் மிகச் சின்னப் பூச்சிகள். அசுவினிக்கு நெருங்கிய உறவு. அதற்கு ஃபைலாக்ஸீரா என்ற பெயர் வந்தது. செத்த கொடியை விட்டு அது ஏற்கெனவே அடுத்த கொடிக்குப் போயிருக்கும் என்பதால்தான் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

சரி, இது எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1850-களிலேயே ஆசா ஃபிட்ச் என்பவர் திராட்சை இலையில் கொப்புளம் உண்டாக்கும் ஒரு பூச்சியைப் பற்றி எழுதியிருந்தார். அதுவும் இதுவும் ஒண்ணா? பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அமெரிக்கப் பூச்சி இலையில் வாழ்கிறது, கொடியைக் கொல்வதில்லை. பிரெஞ்சுப் பூச்சி வேரில் வாழ்கிறது, கொடியைக் கொல்கிறது. பழக்கம் வேறு, இடம் வேறு, பாதிப்பும் வேறு.

ரைலி மிசௌரியில் இருந்தபடியே இலைக் கொப்புளத்துப் பூச்சிகளைத் தொடர்ந்து கவனித்தார். குளிர்காலம் நெருங்கும்போது அவை இலையை விட்டு வேருக்கு இறங்குவதைக் கண்டுபிடித்தார். அமெரிக்கக் கொடிகளின் வேர்களிலும் பூச்சி இருந்தது. கொடி தாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். 1871-ல் பிரான்ஸுக்கே போய் அங்குள்ள பூச்சிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். முடிவு: ரெண்டும் ஒரே இனம். ஒரே பூச்சியின் ரெண்டு வேஷம். ஃபிட்ச் கொடுத்த சிறப்புப் பெயர்தான் இன்றைக்கும் அந்த இனத்தின் அறிவியல் பெயரில் இருக்கிறது.

இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். அது ஒரே இனம் என்றால், அதன் தாயகம் அமெரிக்கா. தாயகம் அமெரிக்கா என்றால், அங்குள்ள காட்டுத் திராட்சைகள் அந்தப் பூச்சியோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து பழகியவை. அப்படின்னா அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுத் திராட்சையை ஒட்டுக்கட்டினால் கொடி பிழைக்கும்! அமெரிக்கக் கொடிகள் பூச்சியைத் தாங்குவதைப் பிரான்ஸிலேயே சிலர் கவனித்திருந்தார்கள். அதற்குக் காரணத்தைக் காட்டி உறுதிப்படுத்தியது இந்த இனங்காணல்தான். 1873-ல் பிளான்ஷான் அமெரிக்கா வந்து ரைலியோடு தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். அதன் பிறகு மிசௌரியிலிருந்து வேர்க்கொடிகள் பிரான்ஸுக்குக் கப்பல் ஏறின.

அதற்குள் இழப்பு மிகப் பெரிதாகிவிட்டது. 1875-ல் சுமார் 8.45 கோடி ஹெக்டோலிட்டராக இருந்த பிரான்ஸின் ஒயின் உற்பத்தி, 1889-ல் 2.34 கோடியாகச் சரிந்தது. ஒரு ஹெக்டோலிட்டர் என்பது 100 லிட்டர். பிறகு நாடு முழுக்க ஒட்டுக்கட்டிய கொடிகள் பரவித்தான் தொழில் மீண்டது. பிரெஞ்சு அரசு ரைலிக்குத் தங்கப்பதக்கம் கொடுத்தது. 1889-ல் லெஜியன் ஆஃப் ஹானர் விருதும் கொடுத்தது.

1873: கப்பல் ஏறிய சிலந்திப்பேன்

இந்தக் கதையின் நடுவில்தான் நம்ம சிலந்திப்பேன் வருது. அமெரிக்காவில் ஃபைலாக்ஸீரா இருந்த வேர்களில் ஒரு சிலந்திப்பேன் அதைத் தின்பதை ரைலி கவனித்தார். 1873-ல் அதைப் பிளான்ஷானுக்கு அனுப்பி வைத்தார். ஒரு பயிர்ப் பூச்சியை அடக்க, அதன் இயற்கை எதிரியை ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு அனுப்பிய முதல் முயற்சிகளில் இது முக்கியமானது.

பேன் பிரான்ஸில் உயிர் பிழைத்தது, நிலைத்தும் விட்டது. ஆனா ஃபைலாக்ஸீரா குறையவே இல்லை.

காரணத்தை இன்றைய அறிவை வைத்துப் பார்த்தால் புரிகிறது. அந்தப் பேனை அன்றைக்கு டைரோகிளிஃபஸ் என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார்கள். அந்த வகைப் பேன்களில் பெரும்பாலானவை அழுகும் வேர், பூஞ்சை, கிழங்கு, தானியம் இவற்றைத் தின்று வாழ்பவை. அழுகும் வேரில் ஃபைலாக்ஸீராவும் கிடைத்தால் அதையும் தின்னலாம். ஆனா பல மடங்கு வேகத்தில் பெருகும் ஒரு பூச்சியைத் துரத்திப் பிடித்து அடக்கும் வேட்டைக்காரன் அது இல்லை.

அதாவது, ஒரு சிலந்திப்பேன் பூச்சியைத் தின்பதைப் பார்த்துவிட்டோம் என்பது மட்டும் போதாது. அது அதை மட்டும்தான் தின்னுமா, எவ்வளவு தின்னும், எந்த வேகத்தில் பெருகும் என்பதும் தெரிய வேண்டும். இதெல்லாம் இனத்துக்கு இனம் மாறும். ரைலி இந்தப் பாடத்தை மறக்கவில்லை. பதினைந்து வருடங்கள் கழித்து அது எப்படிப் பயன்பட்டது என்பதைப் பின்னாடி பார்ப்போம்.

வானத்தை மறைத்த வெட்டுக்கிளி

1873 முதல் 1877 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் வெட்டுக்கிளிப் படையெடுப்பு. மேகம் போல வந்து இறங்கும் கூட்டம் சில மணி நேரத்தில் வயலைக் காலி செய்துவிடும். பல குடும்பங்கள் பட்டினியில் ஊரை விட்டே போயின.

கிழக்குப் பக்கம் இருந்த விவசாயிகளுக்கு ஒரே பயம். காரணம், அவர்கள் வயலிலும் கிட்டத்தட்ட அதே மாதிரி வெட்டுக்கிளி இருந்தது. சிவப்புக் கால் வெட்டுக்கிளி. எப்போதும் இருக்கும், பெரிய தொல்லை கிடையாது. இது ஒருநாள் அந்தப் படையாக மாறிவிடுமோ?

ரைலி ரெண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். படையெடுக்கும் ராக்கி மலை வெட்டுக்கிளிக்கு இறக்கை நீளம், வயிற்றைத் தாண்டி நிற்கும். ஆண் வெட்டுக்கிளியின் வயிற்று நுனியின் அமைப்பும் வேறு. அதனால இது தனி இனம், இதன் தாயகம் வடமேற்கின் உயரமான வறண்ட நிலம், தாழ்வான ஈரமான கிழக்கில் இது நிரந்தரமாக நிலைக்காது என்றார். 1875 வசந்தத்தில் மேற்கு மிசௌரியில் கோடிக்கணக்கில் குஞ்சுகள் பொரித்தபோது, இறக்கை முளைத்ததும் ஜூன் மாதத்தில் அவை கிளம்பிவிடும், அதன் பிறகு விதைத்தால் பயிர் எடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதினார். அப்படியேதான் நடந்தது.

இந்த நம்பிக்கை சும்மா வார்த்தை இல்லை. நிலத்தை விற்றுவிட்டுப் போகலாமா, மறுபடி விதைக்கலாமா என்று யோசித்த குடும்பங்களுக்கு அது ஒரு முடிவைக் கொடுத்தது. 1877-ல் மத்திய அரசு அமைத்த பூச்சியியல் ஆணையத்துக்கு ரைலி தலைமை ஏற்றார். வெட்டுக்கிளியைச் சமைத்துச் சாப்பிடலாம் என்று செய்தே காட்டினார் என்பது தனிக்கதை!

அந்த ராக்கி மலை வெட்டுக்கிளி இன்று உலகிலேயே இல்லை. 1902-க்குப் பிறகு உயிரோடு யாரும் பிடிக்கவில்லை. அருங்காட்சியகத்தில் இருந்த பழைய மாதிரிகளின் டிஎன்ஏவை இந்த நூற்றாண்டில் ஆய்வு செய்தபோதும், அது தனி இனம் என்ற கருத்துக்கே வலு கூடியது.

நல்ல அந்துப்பூச்சி, போலி அந்துப்பூச்சி

ரைலியின் பெயருக்கே சோதனை வந்தது ஒரு வெள்ளை அந்துப்பூச்சியால். யுக்கா என்ற செடி அமெரிக்காவின் வறண்ட பகுதிகளில் வளர்வது. அதன் பூவை ஒரு அந்துப்பூச்சிதான் மகரந்தச் சேர்க்கை செய்கிறது என்று எங்கெல்மன் என்ற தாவரவியலாளர் கவனித்துச் சொன்னார். ரைலி அதை 1870-களின் தொடக்கத்தில் விரிவாக ஆராய்ந்தார்.

அவர் கண்டது யாரும் எதிர்பார்க்காத விஷயம். பெண் பூச்சியின் வாயில் வளைந்த உறுப்புகள் இருக்கின்றன. அவற்றால் மகரந்தத்தைத் திரட்டி உருண்டையாக்கிச் சுமக்கிறது. பூவின் சூலகத்தில் முட்டையிட்டதும், சூல்முடியில் மகரந்தத்தை அழுத்தி வைக்கிறது. காய் உண்டாகும், உள்ளே விதை பிடிக்கும், புழுக்கள் அதில் கொஞ்சம் தின்னும், மீதி செடிக்கு.

எல்லோரும் நம்பவில்லை. யுக்காவில் பிடித்த வெள்ளை அந்துப்பூச்சியைச் சிலர் ஆராய்ந்து பார்த்தார்கள். வாயில் அப்படி ஒரு உறுப்பே இல்லை! ரைலி சொன்னது கற்பனை என்று எழுதினார்கள்.

ரைலி மறுபடி பூச்சிகளை எடுத்துப் பார்த்தார். எதிர்த்தவர்கள் பார்த்ததும் பொய்யில்லை. ஆனா அவர்கள் கையில் இருந்தது வேற இனம். யுக்காவிலேயே வாழ்ந்து, அதே வெள்ளை நிறத்தில், அதே பூவில் வந்து உட்கார்ந்தாலும், அந்த இனம் மகரந்தத்தைத் தொடுவதே இல்லை. அதன் புழுக்கள் பூத்தண்டுக்குள் வளர்கின்றன. 1880-ல் அதற்கு ஏமாற்றுவது என்ற பொருள் வரும் லத்தீன் பெயரை வைத்தார். போலி யுக்கா அந்துப்பூச்சி என்றுதான் அதை இன்றும் சொல்கிறார்கள்.

ரெண்டு தரப்பும் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். ஆனா வெவ்வேறு பூச்சியைப் பார்த்துவிட்டு ஒரே பெயரில் சண்டை போட்டார்கள். இனத்தைப் பிரிக்காமல் செய்யும் ஆராய்ச்சி எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

129 வண்டுகள், ஒரு மாகாணத்தின் ஆரஞ்சு

1878-ல் ரைலி வாஷிங்டனில் மத்திய வேளாண் துறையின் பூச்சியியலாளர் ஆனார். மேலதிகாரியோடு மோதல், ஒரு வருடத்துக்குள் வெளியேறினார். 1881-ல் மறுபடி அதே பதவிக்கு வந்து, 1894 வரை இருந்தார்.

அந்தக் காலத்தில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை ஒரு செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. முதுகில் வெள்ளைப் பஞ்சுப் பொதி மாதிரி முட்டைப் பையைச் சுமக்கும் பஞ்சு செதில் பூச்சி. ஐசீரியா பர்ச்சேசி என்பது அறிவியல் பெயர். மருந்து எதுவும் கேட்கவில்லை. பலர் மரங்களை வெட்டி எரித்தார்கள்.

ரைலி மறுபடி அதே கேள்வியில் ஆரம்பித்தார். இது எந்த இனம்? எந்த ஊர்? நியூசிலாந்தில் மாஸ்கெல் என்பவர் 1870-களின் இறுதியில் பெயர் வைத்த அதே இனம்தான் இது. தாயகம் ஆஸ்திரேலியாவாகத்தான் இருக்க வேண்டும். அங்கே இது பெரிய தொல்லையே இல்லை. அப்படின்னா அங்கே இதை ஏதோ ஒன்று அடக்கி வைத்திருக்கிறது.

ஆளை அனுப்பலாம் என்றால் சட்டச் சிக்கல். வேளாண் துறை ஊழியர்கள் வெளிநாட்டுப் பயணம் போக நாடாளுமன்றம் பணம் தராது. வழி ஒன்று கிடைத்தது. 1888-ல் மெல்போர்னில் நடந்த கண்காட்சிக்கான நிதியிலிருந்து, ரைலியின் ஊழியர் ஆல்பர்ட் கோபலி ஆஸ்திரேலியா போனார்.

தேடிப் போனது முக்கியமாக ஒரு சின்ன ஈயை. அடிலெய்டைச் சேர்ந்த ஃப்ரேசர் கிராஃபோர்டு ஏற்கெனவே கண்டுபிடித்திருந்த ஒட்டுண்ணி ஈ அது. கோபலி அதை ஆயிரக்கணக்கில் அனுப்பினார். கூடவே 1888 அக்டோபரில் அடிலெய்டில் ஒரு தோட்டத்தில் வேற ஒன்றையும் பார்த்தார். செதில் பூச்சியைத் தின்றுகொண்டிருந்த சிவப்பு கறுப்பு நிறப் பொறிவண்டு. அன்றைய பெயர் வெடாலியா.

1888 நவம்பர் முதல் 1889 ஜனவரி வரை மூன்று தவணைகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்த வண்டுகள் மொத்தம் 129. அங்கே காக்விலெட் என்ற இன்னொரு ஊழியர், ஒரு தோட்டத்தில் ஆரஞ்சு மரத்தைத் துணிக்கூடாரத்தால் மூடி, உள்ளே விட்டார். மரத்தில் இருந்த செதில் பூச்சிகள் காலி. கூடாரத்தைத் திறந்துவிட்டார்கள். 1889 ஜூனுக்குள் 10,555 வண்டுகள் 208 விவசாயிகளுக்குப் போயின. ஒரே வருடத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலிருந்து ரயிலில் போன ஆரஞ்சு 700 பெட்டிகளிலிருந்து 2,000 பெட்டிகளாக உயர்ந்தது.

பிரான்ஸுக்குப் போன சிலந்திப்பேன் தோற்ற இடத்தில் இந்த வண்டு ஏன் ஜெயித்தது? வெடாலியாவுக்கு இந்தச் செதில் பூச்சிதான் முக்கிய உணவு. தேடிப் போய்த் தின்னும். அதன் வேகத்துக்கு ஈடாகப் பெருகவும் செய்யும்.

எல்லாப் பொறிவண்டும் ஒண்ணு இல்லை

வெற்றி வந்ததும் சண்டையும் வந்தது. கலிஃபோர்னியா விவசாயிகள் கோபலியைக் கொண்டாடினார்கள். அவருக்குத் தங்கக் கடிகாரம், மனைவிக்கு வைரக் காதணி. வாஷிங்டனில் உட்கார்ந்து திட்டம் போட்ட ரைலிக்குப் பெரிய நன்றி எதுவும் வரவில்லை. அந்த மனவருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. யாருக்கு எவ்வளவு பெருமை என்ற விவாதம் வரலாற்றாசிரியர்களிடம் இன்னும் ஓடுகிறது. ரைலி அதிகம் நம்பியது ஈயைத்தான், வண்டை இல்லை என்பதும் உண்மைதான். ஆனா இனத்தையும் தாயகத்தையும் கணித்து அந்தப் பயணத்துக்கு வழி போட்டது அவர்தான்.

இன்னொரு பிரச்னையும் வந்தது. ஒரு பொறிவண்டு இவ்வளவு செய்தால், எல்லாப் பொறிவண்டும் செய்யும் என்று கலிஃபோர்னியா நினைத்தது. எல்லாம் வட்டமா, பளபளப்பா ஒரே மாதிரிதானே இருக்கு! கோபலி மறுபடி பயணம் போய்ப் பல வகைப் பொறிவண்டுகளைக் கொண்டுவந்தார். ரைலிக்கு இதில் உடன்பாடு இல்லை. கடைசியில் கொண்டுவந்தவற்றில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் வண்டு மாதிரி சில மட்டும் பலன் கொடுத்தன.

கடைசி நாள்

1894-ல் ரைலி பதவி விலகினார். தான் சேர்த்த சுமார் 1,15,000 பூச்சி மாதிரிகளை அதற்கு முன்பே அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்தார். இன்றைய ஸ்மித்சோனியன் பூச்சித் தொகுப்பின் அடித்தளம் அதுதான்.

1895 செப்டம்பர் 14. வாஷிங்டனில் மகனோடு சைக்கிளில் ஒரு சரிவில் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து சாலையில் விழுந்து கிடந்த ஒரு கருங்கல்லில் சக்கரம் மோதியது. தலையில் அடி. அன்றே உயிர் பிரிந்தது. 52-வது பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருந்தது.

இன்றைக்கு நமக்கு இது ஏன் முக்கியம்?

ரைலி காலத்து பஞ்சு செதில் பூச்சி 1928-ல் நீலகிரியிலும் தென்பட்டது, சீகை மரங்களில். அதன் பின்னால் அதே வெடாலியா வண்டையும் இங்கே கொண்டுவந்து விட்டார்கள்.

1970-களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி அழித்தது. அதன் எதிரியைத் தேடித் தென் அமெரிக்காவின் வடபகுதிக்குப் போனவர்கள் அங்கே ஒரு மாவுப்பூச்சியைக் கண்டார்கள். ஆனா அதன் எதிரிகள் ஆப்பிரிக்காவில் வேலை செய்யவில்லை. கூர்ந்து பார்த்தால் அது வேற இனம். ஒன்று மஞ்சள், ஒன்று இளஞ்சிவப்பு. ஒன்றில் ஆண் உண்டு, இன்னொன்றில் ஆணே கிடையாது. சரியான இனம் 1981-ல் பராகுவேயில் கிடைத்தது. அதோடு அனாகைரஸ் லோபெசி என்ற குட்டிக் குளவியும் கிடைத்தது. ஆப்பிரிக்காவின் மரவள்ளி பிழைத்தது. அதே மாவுப்பூச்சி 2020-ல் இந்தியாவுக்குள் வந்தபோது, அதே குளவிதான் வரவழைக்கப்பட்டு 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விடப்பட்டது.

சரி, நாம ஆரம்பித்த சிலந்திப்பேனுக்கு வருவோம். செஞ்சிலந்தியைத் தின்னும் பேன்களில் உலகப் புகழ்பெற்றது ஃபைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ். பெர்சிமிலிஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே மிகவும் ஒத்திருப்பது என்றுதான் பொருள்! 1957-ல் அல்ஜீரியாவில் கிடைத்ததை வைத்து இந்தப் பெயர் வந்தது. அடுத்த வருடமே ஜெர்மனியில், சிலியிலிருந்து வந்த ஆர்க்கிட் செடியில் இருந்த பேனுக்கு வேற பெயர் வைத்தார்கள். பின்னாடிதான் ரெண்டும் ஒண்ணு என்று தெரிந்தது.

அதன் சகோதர இனம் லாங்கிபெஸ். பார்த்தால் பிரிக்கவே முடியாது. ஆனா தக்காளியைத் தாக்கும் டெட்ரானிக்கஸ் எவான்சி என்ற சிலந்திப்பேனைப் பெர்சிமிலிஸால் அடக்க முடியாது. பிரேசிலில் கிடைத்த லாங்கிபெஸ் கூட்டம் அதை நன்றாகவே தின்றது. அதே லாங்கிபெஸ் இனத்திலேயே எல்லா ஊர்க் கூட்டமும் அப்படித் தின்பதில்லை என்பது இன்னொரு ஆச்சரியம்.

இவற்றை எப்படிப் பிரிக்கிறாங்க? நிறத்தை நம்ப முடியாது, ஏன்னா தின்ற இரையைப் பொறுத்து உடல் நிறம் மாறும். வளர்ந்த பெண் பேனை லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்துக் கண்ணாடி மாதிரி தெளிய வைப்பார்கள். கண்ணாடித் தகட்டில் வைத்து உயர்திறன் நுண்ணோக்கியில் முதுகில் எத்தனை மயிர், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், வயிற்றுத் தகட்டின் வடிவம் என்ன, பெண்ணின் உடலில் விந்துப் பையின் வடிவம் என்ன என்று பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் டிஎன்ஏ, அதுவும் போதவில்லை என்றால் ரெண்டு கூட்டத்தையும் இணைய விட்டுக் குஞ்சு பிறக்கிறதா என்று பார்ப்பார்கள்.

தோட்டத்தில் இருக்கும் உங்களுக்கு இவ்வளவு வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும். மெதுவாக ஊர்வது, உடலில் கருந்திட்டுகள், வலைநூல், உருண்டையான முட்டை... இதெல்லாம் இருந்தால் பெரும்பாலும் செஞ்சிலந்தி. பளபளப்பான பேரிக்காய் வடிவ உடல், நீண்ட கால், பரபரன்னு ஓட்டம், பக்கத்தில் செஞ்சிலந்தி முட்டையைவிடச் சுமார் ரெண்டு மடங்கு பெரிய நீள்வட்ட முட்டை... இவை இருந்தால் அது உங்க ஆள். மருந்து டப்பாவைத் திறக்கும் முன்னாடி அந்த ஒரு நிமிஷம் பார்த்துடுங்க. சந்தேகம்னா இலையோடு ஒரு பாலித்தீன் பையில் போட்டு, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்க.